பதினான்காம் தட்டு

மார்ச் 3, திங்கள்

ஐந்து மாதம் கழித்து இன்று வேலைக்குப் போனேன். என் நாற்காலியில் ஒரு பிரிண்டர் உட்கார்ந்திருந்தது. அதைத் தூக்கித் தரையில் வைப்பதா, யாரையாவது கேட்பதா என்று பத்து நிமிடம் நின்றேன். குட்டியை அக்காவின் தையல் கடையில் விட்டு வந்ததிலிருந்து காதுக்குள் அழுகைச் சத்தம். மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை அக்கா, "அவ தூங்குறாடி. நீதான் அழுற," என்று வைத்துவிட்டாள்.

மேசை மேல் புத்தகம் இருந்தது. கெட்டி அட்டை, பளபளப்பு. 'ரோமானிய வெண்கலக் காசுகள்: படையும் பேரரசும்'. எங்கள் அருங்காட்சியக வெளியீடு. கீழே பிரிவுத் தலைவர் பெயர். அவர் பெயர் மட்டும்.

முதல் வரி என்னுடையது. இரண்டாவது வரியும். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு பானையில் கிடைத்த அறுநூற்று எழுபத்திரண்டு காசுகள். தட்டுக்கு நாற்பத்தெட்டாகப் பதினான்கு தட்டுகள். எடை, குறுக்களவு, முன்புறம், பின்புறம். இரண்டு வருடம். கடைசி எட்டு மாதம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அந்த ஜன்னலில்லாத அறையில். எல்லாம் இருக்கிறது, நான்தான் இல்லை.

முன்னுரையின் கடைசி வரியில் இருக்கிறேனாம்: "தட்டச்சு செய்து உதவிய பிரிவு ஊழியர்களுக்கு நன்றி."

தட்டச்சு!

மார்ச் 4

இன்று அவருக்கு வணக்கம் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த வாயை என்ன செய்வது?

மார்ச் 6, வியாழன்

கேட்டே விட்டேன்.

அலுவலகத்தில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பேரரசர். காசில் இருப்பது போலவே பக்கவாட்டில் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். கதவைத் தட்டி உள்ளே போனேன்.

"சார், இந்தப் புத்தகம் நான் எழுதினது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க எடுத்தது குறிப்பும்மா. குறிப்பு வேற, புத்தகம் வேற. செங்கல் அடுக்கினவன் வீட்டுக்கு உரிமை கேட்டு வருவானா?"

"எல்லாக் காசையும் புரட்டிப் பார்த்தது நான்தானே சார்?"

"அப்படின்னு எந்தத் தாள்ல இருக்கு?"

எந்தத் தாளிலும் இல்லை. அளவுத் தாளில் ஒவ்வொரு காசின் வரியிலும் இரண்டு கட்டங்கள் உண்டு. 'புரட்டியவர்', 'எழுதியவர்'. ஒருவர் காசைப் புரட்டிச் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். அதுதான் விதி. எனக்கு ஆள் தரவில்லை. இரண்டையும் நானே செய்தேன். விதியை மீறியது தெரிய வேண்டாமே என்று இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டேன். பதினான்கு தாள்களிலும். யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். மடச்சி!

"கையெழுத்து என்னோடதுதானே சார்?"

"ஆமா. நான் புரட்டிச் சொன்னேன், நீங்க எழுதினீங்க." இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தார். நேராகப் பார்த்தார்.

வெளியே வந்தேன். கதவு முழுவதும் சாத்தவில்லை. உள்ளே இருந்த எழுத்தரிடம் சொல்கிறார்: "குழந்தை பொறந்தா பாதி மூளை பாலோட போயிடும்பா. பாவம், விடு."

எழுத்தர் சிரித்தான்.

எங்கள் தொகுப்பில் அதிகம் இருப்பது ஒரே வகைக் காசுதான். முன்புறம் பேரரசரின் தலை, சுற்றிலும் அவர் பெயர். பின்புறம் இரண்டு போர்வீரர்கள். ஆளுக்கொரு ஈட்டி, ஆளுக்கொரு கேடயம், நடுவில் படைக்கொடியின் கம்பம். சுற்றிலும் 'படையின் புகழ்' என்று லத்தீனில். புகழ் படைக்காம். பெயர் மட்டும் அந்தப் பக்கத்துக்காரனுக்கு. ஆயிரத்து எழுநூறு வருடமாக அந்த இரண்டு பேரும் யார் என்று யாருக்காவது தெரியுமா?

இந்த ஆளைச் சும்மா விடக் கூடாது.

மார்ச் 8, சனி

குட்டி ஒரு பொத்தானை வாயில் போட்டுவிட்டாள். அக்கா கடையில், வெட்டுத் துணிகளுக்கு நடுவே. நான் போட்ட கூச்சலில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த பெண் ஊசியைத் தவறவிட்டாள். அக்கா விரலை விட்டு எடுத்துவிட்டாள். சின்னக் கறுப்புப் பொத்தான், காசளவு.

"ஒண்ணும் ஆகல. நீ முதல்ல உக்காரு."

உட்கார்ந்து அழுதேன். பொத்தானுக்கு மட்டும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா துணியை வெட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அவன் எப்பவாவது சட்டை தைக்க வந்தா எங்கிட்ட அனுப்பு. மூச்சு விட முடியாத மாதிரி காலர் வெச்சுத் தரேன்," என்றாள்.

இவர் சாயங்காலம் வந்து கேட்டுவிட்டு, "விட்டுடேம்மா, பிபி ஏறும்," என்றார். விடுவதா? இவருடைய ஸ்பானரை யாராவது கேட்காமல் எடுத்தால் மூன்று நாள் புலம்புகிற மனுஷன்.

மார்ச் 11, செவ்வாய்

சிரித்தேன். வெகு நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். குட்டி பயந்து உதட்டைப் பிதுக்கினாள்.

புத்தகத்தில் ஐந்தாம் அதிகாரம் மட்டும் பேரரசரின் சொந்தச் சரக்கு. இத்தனை நாள் அதைப் படிக்கவே மனமில்லை. இன்று பேருந்தில் படித்தேன். பதினான்காம் தட்டைப் பற்றிய அதிகாரம். மற்ற பதின்மூன்று தட்டுகளிலும் பெரும்பாலான காசுகளின் அச்சுத் திசை ஆறு மணி, இந்தத் தட்டில் மட்டும் பன்னிரண்டு மணி, ஆகவே இவை வேறு பட்டறையில் அடிக்கப்பட்டவை, படை நடந்தபோது வண்டியில் கூடவே போன ஒரு நடமாடும் பட்டறை இருந்திருக்கிறது — இப்படிப் போகிறது. வரைபடம் வேறு, அம்புக்குறி வேறு. "உலகில் முதன்முறையாக" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார்.

அய்யோ. அது பட்டறை இல்லை சாமி. அது என் மணிக்கட்டு.

அச்சுத் திசை என்பது சின்ன விஷயம். பேரரசரின் தலை நேராக நிற்கும்படி காசைப் பிடித்து, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவது போல வலமிருந்து இடமாகத் திருப்ப வேண்டும். பின்புறத்து வீரர்களின் தலை கடிகாரத்தில் எந்த மணி இருக்கும் இடத்தைப் பார்க்கிறதோ அதை எழுத வேண்டும். நேராக நின்றால் பன்னிரண்டு. தலைகீழாக நின்றால் ஆறு. எட்டாம் மாதத்தில் என் வலது மணிக்கட்டு வீங்கி, விரல்கள் மரத்துப்போயின. திருக முடியவில்லை. காசைப் பஞ்சு மேல் வைத்து, நாட்காட்டித் தாளைத் தூக்குவது போல மேலிருந்து கீழாகக் கவிழ்த்தேன். நாற்பத்தெட்டையும் அப்படியே. அப்படிக் கவிழ்த்தால் தலைகீழாக இருப்பது நேராகிவிடும். ஆறு எல்லாம் பன்னிரண்டு.

முடித்த பிறகுதான் உறைத்தது. மறுநாள் மறுபடி அளக்கலாம் என்று இருந்தேன். மறுநாள் ரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் படுத்தேன். பிறகு குட்டி வந்துவிட்டாள்.

அவர் ஒரு காசையாவது கையில் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரே ஒரு காசு.

மார்ச் 12

சீட்டு! அன்று சாயங்காலம் பென்சிலால் ஒரு சீட்டு எழுதி மடித்து அந்தத் தட்டுக்குள் வைத்தேனே. இன்னும் அங்கேயே இருக்குமா? அறைச் சாவி இப்போது என்னிடம் இல்லை. யாரையாவது போய்ப் பார்த்து வரச் சொல்லவும் மாட்டேன். பார்ப்பவர் யாராக இருந்தாலும் பேச்சு கசியும்.

மார்ச் 15, சனி

அக்கா கடையில் பொத்தான் ஒன்றில் இரண்டு பக்கமும் சாக்குக்கட்டியால் அம்பு வரைந்து இவருக்குக் காட்டினேன். பக்கம் போலப் புரட்டினால் அம்பு கீழே. நாட்காட்டித் தாள் போலக் கவிழ்த்தால் அம்பு மேலே.

இவர் வாங்கி நாலு தடவை புரட்டினார். லிஃப்ட் மெக்கானிக். "எங்க வேலையில மேல கீழ மாறிச்சுன்னா ஆளே போயிடும். உங்க வேலையில புத்தகம் வருது," என்றார்.

அக்கா: "கூட்டம் எப்போ?"

இருபத்தெட்டாம் தேதி வெளியீட்டு விழா. நூறு பேர் வருவார்கள்.

"அன்னைக்கே எந்திரிச்சு சொல்லுடி."

"சொன்னா, தப்பு பண்ணது நான்னும் சேர்த்துதானே சொல்லணும்?"

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அது அவளுக்கும் தோன்றவில்லை போல.

அதுதான் சிக்கல். புத்தகம் என்னுடையது என்று காட்ட என்னிடம் இருக்கிற ஒரே அடையாளம் என் தப்புதான். நான் செய்தேன் என்று நிரூபிக்க, கெடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டும். பாதி மூளை பாலோடு போய்விட்டது என்று சொன்னானே, அவன் வாய்க்கு நானே சர்க்கரை போடுவதா?

குட்டிக்கு லேசான சூடு. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் வேறு வேறு அளவு. என் கையை நானே நம்புவதில்லை இப்போதெல்லாம்.

மார்ச் 20, வியாழன்

பேரரசர் தானாகவே என் மேசைக்கு வந்தார். குழைந்தார். "கோபமெல்லாம் இருக்கக் கூடாதும்மா. நாமெல்லாம் ஒரே குடும்பம். விழாவுல முன் வரிசையில உங்களுக்கு இடம் போடச் சொல்லியிருக்கேன்."

"சரிங்க சார்."

"சும்மா பேசினா ஜனங்க தூங்கிடுவாங்க. ஏதாவது புதுசா செய்யணும். நீங்க படிச்ச பொண்ணு, சொல்லுங்களேன்."

கடவுளே, தட்டில் வைத்து நீட்டுகிறான்.

என் குரல் எனக்கே இனிப்பாக இருந்தது. "பதினாலாம் தட்டுலேர்ந்து ஒரு காசை எடுத்து, எல்லாரும் பார்க்கக் கேமரா அடியில நீங்களே புரட்டிக் காட்டுங்க சார். நம்ம மியூசியம் படக்காரர் திரையில பெருசாப் போடுவார். உங்க அஞ்சாம் அதிகாரம் கண்ணு முன்னாடி நிக்கும்."

அவர் முகம் மலர்ந்தது. சொல்லிவிடலாமா? ஒரு வாய்ப்பாவது கொடுக்கலாமா? கொடுத்தேன். குட்டி சத்தியமாகக் கொடுத்தேன்.

"முன்னாடியே ஒரு தடவை தட்டைத் திறந்து பார்த்துக்கிறீங்களா சார்?"

"எதுக்கு? ஒவ்வொரு காசும் என் விரலுக்குத் தெரியும்மா."

சரி. இதற்கு மேல் என் பாவம் இல்லை.

மார்ச் 27

பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பது போல ஒரே யோசனை. சீட்டு இல்லாவிட்டால்? சீட்டு இல்லாமல் நான் எழுந்தால் பொறாமைக்காரி, எழாவிட்டால் தட்டச்சுக்காரி.

மார்ச் 28, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

மாடிக் கூடம் நிறைந்துவிட்டது. முன் வரிசையில் நான். பக்கத்தில் அக்கா, மடியில் குட்டி. இவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார், வேலைச் சட்டையோடு. மேடையில் அருங்காட்சியக இயக்குநர் அம்மா, பேரரசர். ஓரத்தில் படக்காரர், கேமராவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு. எங்கள் காசுகளை எல்லாம் படம் எடுத்தவர் அவர்தான். ஆனால் அது அளவு எடுப்பதற்கு முந்தைய வருடம், சீட்டை அவரும் பார்த்திருக்க மாட்டார்.

பேரரசர் அரை மணி நேரம் பேசினார். "இந்த அறுநூற்று எழுபத்திரண்டு காசுகளையும் இந்தக் கைகளால் புரட்டினேன்," என்று கைகளைத் தூக்கிக் காட்டினார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பதினான்காம் தட்டு வந்தது. மூடியைத் திறந்தார். திரையில், சுவர் அகலத்துக்கு, வரிசை வரிசையாகக் காசுகள். மூலையில் மடித்த வெள்ளைச் சீட்டு.

இருக்கிறது. இருக்கிறது!

அவர் அதை விலைச் சீட்டைத் தள்ளுவது போல விரலால் ஓரமாகத் தள்ளினார். ஒரு காசை எடுத்தார். பேரரசரின் தலை நேராக. "இப்போது புத்தகப் பக்கம் போலத் திருப்புகிறேன். பாருங்கள், வீரர்கள் நேராக..."

வீரர்கள் தலைகீழாக நின்றார்கள்.

ஆளுயரத்துக்குத் திரையில் இரண்டு வீரர்கள், காலை மேலே தூக்கிக்கொண்டு, ஈட்டி முனை தரையைப் பார்க்க. பின் வரிசையில் யாரோ 'க்ளுக்' என்றார்கள்.

"இது விதிவிலக்கு," என்றார். இன்னொரு காசு. தலைகீழ். மூன்றாவது காசு குதிரைவீரன் வகை. கீழே விழுகிற குதிரைக்காரனைப் போர்வீரன் ஒருவன் ஈட்டியால் குத்துகிற காட்சி. அதுவும் தலைகீழ். நாலாவதை எடுக்கும்போது கையிலிருந்து நழுவியது.

இயக்குநர் அம்மா மெதுவாகக் கேட்டார்: "புத்தகத்துல பன்னிரண்டுன்னுதானே இருக்கு?"

"அது... உதவியாளர் அளவு எடுத்ததுல ஏதோ பிசகு மேடம்."

"நீங்களே புரட்டினதா இப்பத்தானே சொன்னீங்க?"

"இந்தத் தட்டு மட்டும்தான் அவங்க..."

எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியாது. மார்பில் பால் கசிந்து ரவிக்கை நனைந்திருந்தது, புடவையை இழுத்து மூடக்கூடத் தோன்றவில்லை. "சார், அந்தச் சீட்டைப் பிரிங்க."

சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளப் போவது போல அவர் கை நீண்டது. படக்காரர் முந்திக்கொண்டார். "நான் பிரிக்கிறேன் சார், வெளிச்சம் இங்க நல்லா விழும்," என்று கேமராவுக்கு அடியில் விரித்துவிட்டார். என் பென்சில் எழுத்து, சுவர் உயரத்துக்கு, தேதியோடு:

"தட்டு 1 முதல் 13 வரை சரியாகப் புரட்டியிருக்கிறேன். 14 மட்டும் வலது மணிக்கட்டு வீக்கத்தால் மேலிருந்து கீழாகக் கவிழ்த்துவிட்டேன். எல்லாம் தவறு. நான் திரும்பி வந்ததும் மறுபடி அளக்க வேண்டும். அதுவரை பயன்படுத்த வேண்டாம்."

குட்டி 'ங்கா' என்றாள்.

"தப்பு என்னோடது," என்றேன். "இந்தத் தட்டுல இருக்கிற தப்பும் என்னோடது. மத்த பதிமூணு தட்டுல இருக்கிற சரியும் என்னோடது."

பேரரசர் ஒரு கையை உயர்த்தினார். எதையோ சொல்ல, எதையோ தடுக்க. அந்தக் காசில் விழுகிறவனும் அப்படித்தான் ஒரு கையைத் தூக்கிப் பின்னால் திரும்பிப் பார்ப்பான். அதை நூறு முறையாவது வர்ணித்து எழுதியிருக்கிறேன்: 'கை உயர்த்தியபடி'.

பாவமாக இருந்ததா? இல்லை. இங்கே பொய் எழுத மாட்டேன். நன்றாக இருந்தது.

மார்ச் 29

குட்டியின் கீழ் ஈறில் ஒரு வெள்ளைப் புள்ளி. பல். விரலை வைத்தால் கடிக்கிறாள். அக்கா சொல்கிறாள்: "பின்னே, யார் பொண்ணு?"

ஏப்ரல் 2, புதன்

இயக்குநர் அம்மாவின் அறை. எனக்கு மெமோ. விதியை மீறித் தனியாக அளந்ததற்கு ஒன்று, கட்டங்களைக் காலியாக விட்டதற்கு ஒன்று. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். வலித்தது. என் பேரில் வந்த முதல் காகிதம் அதுதான்.

புத்தகத்தை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் அதிகாரம் இல்லாமல் மறுபதிப்பு. அட்டையில் யார் பெயர் என்பதை அம்மா சொல்லவில்லை, ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: என் பெயர். வீட்டுக்கு வரும்வரை அந்தத் தாளைக் கைப்பையில் நாலு தடவை தொட்டுப் பார்த்தேன்.

"அதுக்கு முன்னாடி பதினாலாம் தட்டை மறுபடி அளக்கணும். இந்தத் தடவை விதிப்படி ரெண்டு பேர். நீங்க எழுதுங்க," என்று அறையிலேயே சொன்னார் அம்மா.

"புரட்டுறது யாரு மேடம்?"

அம்மா கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவர்தான். எல்லாக் காசையும் புரட்டினதா அச்சுல போட்டுட்டாரே. கொஞ்சமாவது புரட்டட்டும்."

ஏப்ரல் 17, வியாழன்

காலை ஒன்பது மணிக்கு ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்தோம். நடுவில் பதினான்காம் தட்டு. அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

முதல் காசை எடுத்து மேலிருந்து கீழாகக் கவிழ்த்தார்.

"சார். புத்தகப் பக்கம் மாதிரி."

மறுபடி புரட்டினார். "ஆறு."

எழுதினேன். எடுத்தார், புரட்டினார், "ஆறு". பக்கவாட்டில் பார்க்காமல் காசையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் இந்த வேலைக்குப் பழகாதவை என்பது மூன்றாவது காசிலேயே தெரிந்தது. பத்துக் காசுக்குள் வியர்த்துவிட்டது. மின்விசிறியை நான்தான் எழுந்து போட்டேன்.

ஒவ்வொரு வரியிலும் 'புரட்டியவர்' கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன். முதலெழுத்தோடு, முழுப் பெயரும், சுருக்காமல். பதினைந்தாவது வரியில் தலையைத் தூக்கினார்.

"ஒரு கோடு போட்டு 'மேற்படி'ன்னு எழுதிடலாமேம்மா. நேரம் ஆகுது."

"வேண்டாம் சார். யார் செஞ்சாங்களோ அவங்க பேர் இருக்கட்டும்."

அவர் அடுத்த காசை எடுத்தார். நாற்பத்தெட்டு முறை எழுதினேன். கை வலித்தது. நல்ல வலி.

முதல் பதின்மூன்று தாள்களிலும் கட்டங்களை என் பெயரால் நிரப்ப இயக்குநர் அம்மா எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார். அறுநூற்று இருபத்து நான்கு வரிகள். வரும் வழியில் இரண்டு பேனா வாங்கினேன். நாளைக்குத் தொடங்க வேண்டும்.